5 வாட் ஆம்ப்... 50 வாட் ஆசை! சின்ன வால்வு ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்ட என்ன வழி?

கேட்ஜெட் கேள்வி நேரம்

இந்த வாரக் கேள்வி ஓர் அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது.

"என் மகன் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கிட்டார் வாசிப்பான். அமெரிக்காவில் இருக்கும் அவனுடைய தாய்மாமா, தான் பயன்படுத்திய சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்து அனுப்பினார். 5 வாட்ஸ்தானாம். வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்கும் அளவுக்குச் சத்தம். ஆனால், ஃப்ரெண்ட்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது டிரம்ஸ் சத்தத்தில் இவன் வாசிப்பது யாருக்குமே கேட்கவில்லை என்கிறான். '50 வாட் ஆம்ப் வாங்கிக் கொடு' என்று ஒரே பிடிவாதம். தெரிந்த மெக்கானிக் ஒருவர், 'உள்ளே பெரிய வால்வு போட்டுத் தர்றேன், சத்தம் டபுள் ஆகிடும்' என்கிறார். எதைச் செய்வது தம்பி?"

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் அம்மா. காரணத்தையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் வரிசையாகப் பார்த்துவிடுவோம். பைசா செலவில்லாத வழிகளிலிருந்தே தொடங்கலாம்.

அதற்கு முன் ஓர் அவசர விஷயம். அமெரிக்காவில் விற்கப்படும் ஆம்ப்கள் 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அப்படியே சொருகினால் ஃபியூஸ் போகும். உங்கள் கெட்ட நேரமாக இருந்தால் ஆம்ப்பே போகும். இப்போது எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ரொம்பப் பழைய மாடலாக இருந்து, இரண்டு பின் பிளக்தான் இருக்கிறது என்றால், எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக்காக ஒரு நல்ல டெக்னீஷியனிடம் மாற்றிவிடுங்கள். கிட்டாரின் கம்பி உலோகம். அதைத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் மகனின் விரல்.

தாத்தா வீட்டு ரேடியோவின் தம்பி

வால்வு ஆம்ப் என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? சுவிட்ச் போட்டதும் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெதுவாகச் சிவந்து, சூடேறிய பிறகுதான் பாட்டு வரும். அதே கண்ணாடி வால்வுகள்தான் இதிலும் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பெயர்போன ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர்கூட, அதற்கு முன் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர்தான்.

அந்த நிறுவனத்தின் 'சாம்ப்' என்ற மாடலைச் சின்ன வால்வு ஆம்ப்களுக்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். 1950-களின் பிற்பகுதியில் வந்த சாம்ப்பில் சுமார் 5 வாட்ஸ், 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வால்யூம் குமிழ். கிட்டாரிலிருந்து வரும் சன்னமான சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வு. ஸ்பீக்கரை ஓட்ட 6வி6 என்ற வால்வு ஒன்று.

10 மடங்கு வாட்ஸ், 2 மடங்கு சத்தம்

'5 வாட்டுக்குப் பதிலாக 50 வாட் வாங்கினால் 10 மடங்கு சத்தம் வரும்' என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று சொல்லும்படி இருக்கும், அவ்வளவே. வாட்ஸை 10 மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். அதைத்தான் நம் காது 'ஏறக்குறைய டபுள் சத்தம்' என்று உணர்கிறது.

அதாவது, 5 வாட் ஆம்ப்பைவிட 50 வாட் ஆம்ப் தோராயமாக இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 10 வாட் ஆம்ப் வாங்கினால் வித்தியாசமே பெரிதாகத் தெரியாது. வாட்ஸைப் பார்த்து மட்டும் ஆம்ப் வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நமக்கு வேண்டியது சில டெசிபல்கள். அவற்றை வேறு எங்கிருந்தெல்லாம் எடுக்கலாம்?

செலவே இல்லாத ஆறு வழிகள்

1. ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். கிட்டார் ஸ்பீக்கர் டார்ச் லைட் மாதிரி. தெளிவைத் தரும் மேல் ஸ்தாயி ஒலிகளை நேராக முன்னால்தான் வீசும். தரையில் வைத்தால் அந்தச் சத்தம் முழுக்க முழங்காலுக்குப் போகிறது. முழங்காலுக்குக் காது கிடையாதே! ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள், அல்லது ஆம்ப்பைச் சற்றே பின்னால் சாய்த்து முகத்தைப் பார்க்கும்படி செய்யுங்கள். பல பேரின் பிரச்னை இதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

2. தூரத்தைக் குறையுங்கள். திறந்தவெளியில் ஒலிக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். மூடிய அறையில் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும், டிரம்ஸுக்குப் பின்னால் மூலையில் கிடக்கும் ஆம்ப்பை, வாசிப்பவருக்கும் மற்றவர்களுக்கும் அருகே கொண்டுவந்தால் வித்தியாசம் நிச்சயம் தெரியும்.

3. எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சாம்ப் போன்ற பழைய பாணி ஃபெண்டர் ஆம்ப்களில் 1, 2 என்று இரண்டு இன்புட் இருக்கும். இரண்டாவதில் சொருகினால் சிக்னல் 6 டெசிபல் குறைவாகத்தான் உள்ளே போகும். 1-ல் சொருகுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில், வீட்டில் வாசிப்பதற்காக பவரைக் குறைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது 'லோ'வில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டுங்கள். இரண்டு குமிழ்கள் உள்ள ஆம்ப்களில் 'கெயின்' என்பது சிக்னலைக் கரகரப்பாக்கும். 'மாஸ்டர்' என்பது அதை எவ்வளவு சத்தமாக வெளியே விடுவது என்று தீர்மானிக்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது கெயினை முழுக்கத் திருப்பினால் ஏதோ பெரிய ராக் ஸ்டார் ஆன மாதிரி இருக்கும். பேண்டில் அதே கரகரப்பு, டிரம்ஸின் சிம்பல் சத்தத்தோடு கலந்து காணாமல் போய்விடும்.

5. 'மிட்' குமிழைக் கூட்டுங்கள். பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் பெரிய மேளமும் அடிப்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. சிம்பல்கள் உச்சியை எடுத்துக்கொள்கின்றன. கிட்டாருக்கு மிச்சம் இருப்பது நடுப்பகுதி. அதோடு, மனிதக் காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகப் பிடிக்கும். தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றினால் இனிமையாக இருக்கும். ஆனால், கூட்டத்தில் அது எடுபடாது. 5 வாட் ஆம்ப்புக்கு பேஸ் பெரிய சுமை. இருக்கும் சக்தியில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். பேஸைக் குறைத்தால் மற்ற ஒலிகளுக்குச் சக்தி மிச்சமாகும்.

6. டிரம்ஸ் வாசிப்பவரிடம் பேசுங்கள். ஒரு சின்ன அறையில் டிரம்ஸ் 100 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். குச்சிக்குப் பதிலாக 'பிரஷ்' அல்லது மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய 'ராட்ஸ்' பயன்படுத்தினால் ஒட்டுமொத்தச் சத்தமும் இறங்கும். யாரும் யாரோடும் போட்டி போட வேண்டியிருக்காது. ஈகோ பார்க்காமல் கேட்டுப் பாருங்கள்.

வால்யூம் 10-ல் வைத்தால் போதாதா?

போதாது என்பதைவிட, அதனால் பெரிய பயன் இல்லை. இந்தக் குட்டி ஆம்ப்களில் குமிழ் பாதியைத் தாண்டும் முன்பே தெளிவான சத்தத்தின் எல்லை வந்துவிடும். அதற்கு மேல் திருப்பினால் சத்தம் கொஞ்சமாகவும் கரகரப்பு நிறையவும் கூடும். அந்தக் கரகரப்பை விரும்பித்தான் பலரும் வால்வு ஆம்ப் வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

'பூஸ்டர் பெடல்' வாங்கலாமா என்றால், அதற்கும் இதே பதில்தான். ஆம்ப்பில் இன்னும் இடம் இருந்தால் பூஸ்டர் சத்தத்தைக் கூட்டும். ஆம்ப் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டால் கரகரப்பை மட்டுமே கூட்டும். நிரம்பிய குடத்தில் குழாயை வேகமாகத் திறந்துவிடுவதுபோல.

செலவு செய்வதென்றால் முதலில் ஸ்பீக்கர்

ஆம்ப் தரும் மின்சக்தியை ஒலியாக மாற்றுவது ஸ்பீக்கர். எல்லா ஸ்பீக்கரும் இந்த வேலையை ஒரே திறமையோடு செய்வதில்லை. அதற்கு 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் அளவு உண்டு. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது. ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்ஸைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய எண் இது.

பிரிட்டனின் செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல 'கிரீன்பேக்' ஸ்பீக்கருக்கு இது 98 டெசிபல். அதே நிறுவனத்தின் 'வின்டேஜ் 30'-க்கு 100 டெசிபல். 8 அங்குலச் சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு இந்த எண் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் மகனின் ஆம்ப்பில் இருப்பது 94 டெசிபல் ஸ்பீக்கர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே ஆம்ப்பை 100 டெசிபல் ஸ்பீக்கர் உள்ள ஒரு தனிப் பெட்டியோடு இணைத்தால் 6 டெசிபல் கூடும். 6 டெசிபல் என்பது 4 மடங்கு வாட்ஸுக்குச் சமம். ஆம்ப்பைத் திறக்காமல், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், 5 வாட் ஆம்ப் 20 வாட் ஆம்ப்போல ஒலிக்கும். பெரிய ஸ்பீக்கர் என்பதால் ஒலியும் கனமாக இருக்கும்.

ஆனால், இதில் மூன்று விதிகள் உண்டு. மீறவே கூடாதவை.

• ஓம்ஸ் பொருந்த வேண்டும். ஆம்ப்பின் பின்புறம் 4, 8, 16 என்று ஏதாவது ஓர் எண் போட்டிருக்கும். பெட்டியும் அதே ஓம்ஸாக இருக்க வேண்டும். இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில், அதாவது பேரலலாக இணைத்தால் மொத்தம் 4 ஓம்ஸ். ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில் இணைத்தால் 16 ஓம்ஸ்.

• ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும். வால்வு ஆம்ப் தாங்காது. சக்தி வெளியேற வழியில்லாமல் உள்ளே வோல்டேஜ் எகிறி, ஆம்ப்பில் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்றான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கரை மாற்றுவதென்றால் ஆம்ப்பை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

• ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். கிட்டாரை இணைக்கும் வயரும் ஸ்பீக்கர் வயரும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால், கிட்டார் வயரின் உள்கம்பி மிக மெலிது. ஸ்பீக்கருக்கு அதைப் போடக் கூடாது.

மேடையில் மைக்தான் ராஜா

நண்பர்களோடு வாசிக்கும் அறைக்கு மேலே சொன்னதெல்லாம் போதும். கல்லூரி விழா, கல்யாண ரிசப்ஷன் மேடை என்றால்? அங்கே ஏற்கெனவே பெரிய ஸ்பீக்கர்களும் மிக்ஸரும் இருக்கும். ஆம்ப்பின் முன்னால் ஒரு மைக் வைத்தால் வேலை முடிந்தது.

உலகம் முழுக்க இதற்குப் பயன்படும் மைக், ஷுயூர் நிறுவனத்தின் 'எஸ்எம்57'. 1965-ல் வந்த மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதுதான் வேண்டும் என்றில்லை; பாடுவதற்கு வைத்திருக்கும் சாதாரண டைனமிக் மைக்கே போதும். ஸ்பீக்கர் துணியிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி, ஸ்பீக்கரின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் சற்று ஓரமாக வையுங்கள். நடுவில் வைத்தால் ஒலி கூர்மையாகக் குத்தும். ஓரத்துக்குப் போகப் போக மென்மையாகும். ஒவ்வோர் அங்குலமாக நகர்த்திப் பார்த்து, பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வாசிப்பவருக்குக் கேட்க மானிட்டர் ஸ்பீக்கரில் கொஞ்சம் கிட்டார் விடச் சொல்லுங்கள்.

புதிய சின்ன ஆம்ப்கள் பலவற்றில் 'எமுலேட்டட் அவுட்' என்று ஒரு துளை இருக்கும். அதிலிருந்து மிக்ஸருக்கு நேராக வயர் இழுக்கலாம். ஆனால், 'ஸ்பீக்கர் அவுட்' துளையிலிருந்து மட்டும் மிக்ஸருக்கு வயர் கொடுத்துவிடாதீர்கள். மிக்ஸரும் போகும், ஆம்ப்பும் போகும்.

சின்ன ஆம்ப் என்றால் கௌரவக் குறைவு என்று உங்கள் மகன் நினைத்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். ராக் இசையின் உச்சங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் 'லைலா' ஆல்பம், 1970-ல் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் பதிவானது. அதில் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் பயன்படுத்தியது குட்டி ஃபெண்டர் சாம்ப் வகை ஆம்ப்களைத்தான். ஆம்ப் சின்னதாக இருந்ததால், அதை முழுக்கத் திறந்துவிட்டு அதன் இயல்பான கரகரப்பை மைக்கில் பிடிக்க முடிந்தது.

மெக்கானிக் சொன்ன 'பெரிய வால்வு' கதை

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால், 6வி6 வால்வை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பெரிய 6எல்6 வால்வைச் சொருகினால் சத்தம் டபுள் ஆகாது. வால்வைச் சூடாக்கும் இழைக்கு 6வி6 எடுப்பது 0.45 ஆம்பியர். 6எல்6 எடுப்பது 0.9 ஆம்பியர், சரியாக இரண்டு மடங்கு. சின்ன ஆம்ப்பில் இருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடேறி எரிந்துபோக வாய்ப்பு உண்டு. எவ்வளவு பெரிய வால்வு போட்டாலும், சத்தத்தின் எல்லையைத் தீர்மானிப்பது அந்த டிரான்ஸ்ஃபார்மர்களும் உள்ளே இருக்கும் வோல்டேஜும்தான்.

வால்வு மாற்றுவதில் ஒரே ஓர் உண்மை உண்டு. வால்வுகளுக்கு வயதாகும். பல வருஷம் ஓடிய வால்வு தளர்ந்து, சத்தம் படிப்படியாகக் குறையும். முன்பு இருந்த சத்தம் இப்போது இல்லை என்று தாய்மாமாவே சொன்னால், அதே வகைப் புது வால்வு போட்டால் பழைய சத்தம் திரும்பும். ஆனால், அது கூடுதல் சத்தம் அல்ல, இழந்ததை மீட்பது.

இன்னொன்று. வீட்டில் யாரும் ஆம்ப்பைத் திறந்து பார்க்க வேண்டாம். இவற்றுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 'ஆஃப் பண்ணிட்டேனே' என்று கை வைப்பவர்களைத்தான் அது பதம் பார்க்கும். உயிரே போகலாம். வால்வு ஆம்ப்பில் அனுபவம் உள்ளவர் மட்டுமே திறக்க வேண்டும்.

அப்போ 50 வாட் ஆம்ப் எதற்கு?

அதற்கு ஒரு காலம் இருந்தது. 1960-களில் மேடை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் பாடகரின் குரலுக்கு மட்டும்தான். கிட்டார் சத்தம் முழுவதும் ஆம்ப்பிலிருந்தே கூட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான், 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் கேட்டதற்காக, லண்டனில் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப்களைச் செய்து கொடுத்தார். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது, அவர்களுக்காக வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்களைக் கொடுத்திருந்தது. 55,000-க்கும் அதிகமான ரசிகர்களின் கூச்சலில் அதுவும் எடுபடவில்லை.

இன்று அந்த வேலையை மேடையின் பெரிய ஸ்பீக்கர்களே செய்துவிடுகின்றன. மைக் வசதியே இல்லாமல், டிரம்ஸோடு, கரகரப்பே இல்லாத தெளிவான ஒலியில் அடிக்கடி வாசிக்க வேண்டியிருந்தால் மட்டும் கூடுதல் வாட்ஸ் உள்ள ஆம்ப் தேவைப்படும். அப்போதும் 50 தேவையில்லை; 12 அங்குல ஸ்பீக்கரோடு வரும் 15 வாட் மாடல்களை முதலில் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, காது

சத்தத்தைக் கூட்ட இவ்வளவு வழி சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் தரும் வரையறை இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிக் கணக்குப் போட்டால் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். டிரம்ஸோடு 2 மணி நேரம் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் காதில் 'ங்ங்...' என்று ரீங்காரம் கேட்டால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை. உள்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி வளராது.

பேண்டில் வாசிக்கும் எல்லோரும் காதுக்கு இயர்பிளக் வைத்துக்கொள்ளட்டும். நியோஷின் சத்தம் அளக்கும் ஆப் ஐபோனில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை அறையில் வைத்து அளந்து பார்த்தால், 'இன்னும் சத்தம் வேணும்' என்பவர்களே யோசிப்பார்கள்.

ஆக, செய்ய வேண்டிய வரிசை இதுதான்: முதலில் வோல்டேஜும் எர்த்தும் சரியா என்று பாருங்கள். அடுத்து ஸ்டூல், இன்புட், மிட் குமிழ், டிரம்மர். அதுவும் போதவில்லையென்றால் ஒரு நல்ல ஸ்பீக்கர் பெட்டி. மேடைக்கு மைக். இத்தனையும் செய்து, அப்போதும் கேட்கவில்லை என்றால் புது ஆம்ப் பற்றிப் பேசலாம்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது கருவி மக்கர் செய்கிறதா, கடைக்காரர் சொன்னது புரியவில்லையா? கேள்வியை எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.